பின்தங்கிய தூளி

ஆழியில் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடைமேடை ஏறியாக வேண்டும். யாருக்கும் விலக்கில்லை. முத்தரசி குழந்தை தாமிராவை மேடையில் கிடத்தினாள். எடை சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. பிறகு தான் ஏறினாள். அதற்கும் பச்சைதான்.

ஆழி விண்வெளியில் சக்கரம்போலச் சுழலும் நகரம். அந்தச் சுழற்சிதான் ஆட்களைத் தரையோடு அழுத்தி வைக்கிறது. அந்த அழுத்தத்துக்குத்தான் அங்கே எடை என்று பெயர். மண்ணில், அதாவது பூமியில், உள்ள அளவு எடை இங்கும் இருந்தால்தான் பிள்ளைகளின் எலும்பு இறுகும். எலும்பு இறுகாத பிள்ளை மண்ணில் இறங்கினால் எழுந்து நிற்காது என்பதால் இறங்க அனுமதியும் கிடையாது. கணவனின் வேலை ஒப்பந்தம் முடிந்ததும் மகளோடு ஊர் திரும்புவது ஒன்றே முத்தரசியின் கணக்கு.

விளக்கு பச்சையாக எரிந்தும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் தூளி.

தாமிரா பிறந்த புதிதில், ஒலிபெருக்கியில் தாலாட்டைப் போட்டுத் தூளியைத் தள்ளிவிட்டால் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் அது சரியாகத் திரும்பி வரும். இப்போது பாட்டு முந்துகிறது. தூளி பின்தங்குகிறது. பாட்டு அதே பதிவுதான். கயிறு நீண்டுவிட்டதோ என்று முழம் போட்டுப் பார்த்தாள். நீளவில்லை.

"தூளி மெதுவா ஆடுதுங்க."

அவள் கணவன் தளவாய் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆழியைச் சுழற்றும் சுழற்சி அறையில் அவன் பொறியாளன். "பிள்ள கனத்துட்டால்லா. கனத்தா மெதுவாத்தான் ஆடும்."

ஊசல் போய்த் திரும்பும் நேரத்தைக் கயிற்றின் நீளமும் கீழே இழுக்கும் இழுப்பும்தான் தீர்மானிக்கின்றன. தொங்குவது இரும்பா பஞ்சா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக்கூடப் பாடம். முத்தரசிக்கே நினைவிருப்பது, அதிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு மறந்திருக்காது. மறக்காதவன் ஏன் தப்பாகச் சொன்னான்?

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தூளிக்குள் ஒரு தலையணையைப் போட்டாள். பாட்டை வைத்துத் தள்ளிவிட்டாள். தூளி முன்போலவே பின்தங்கியது.

"தலகாணியும் கனத்துட்டாக்கும்?"

தளவாய் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான். கதவைச் சாத்தினான்.

"சத்தம் போடாத. அச்சுல விரிசல் விட்டிருக்கு. பழைய வேகத்துல சுத்துனா பொளந்துரும். அதான் கொஞ்சங் கொஞ்சமா குறைக்கோம்."

"அப்போ எடைமேடை?"

"குறைக்கக் குறைக்க, பழைய எடையே காட்டுத மாதிரி அதையும் திருத்திக்கிட்டே வாறோம். மேலிடத்து உத்தரவு. சனங்க பயந்துரும்லா."

"ஆழியில எல்லாரு காலும் குச்சியா மெலியுது. உங்க காலு மட்டும் எப்படித் தூணாட்டம் இருக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "பாரக்கூடம்னு ஒண்ணு இருக்கு. சின்ன உருளைதான். வேகமாச் சுத்தும். உள்ள போனா மண்ணுல உள்ள எடை. எங்க அறைக்காரங்களுக்கு மட்டும்."

"நீங்க எறங்கிப் போறதுக்குத் தயாராயிட்டிருக்கீங்க. நாங்க இங்க பூவாட்டம் கெடக்கணும்."

"உங்களயும் சேக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

"கேட்டிருக்கீங்களா, இனிமேத்தான் கேக்கப் போறீங்களா?"

அவன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். ஆனா இருக்கது கொஞ்ச இடம். வெளிய தெரிஞ்சா அடிச்சுப் பிடிச்சு வருவாங்க, பெறகு கூடத்தையே பூட்டிருவாங்க. உன் வாயிலதான் நம்ம பிள்ளையோட காலு இருக்கு."

கதவு தட்டப்பட்டது. தளவாய் திறந்தான். பக்கத்து வீட்டு ரெஜினா, மூச்சு வாங்க, மகனின் இரண்டு கைகளையும் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. தவழக்கூட இல்ல இவன். நேரா நடந்துட்டான்."

கையை விட்டாள். பையன் நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் பாதம் தேவைக்கு மேல் எழும்பி, அவசரமில்லாமல் இறங்கியது. நடுவில் தடுக்கினான்; விழவும் நேரம் எடுத்துக்கொண்டு, வலிக்காமல் விழுந்து சிரித்தான்.

"எங்கூருல இந்த வயசுல ஒரு பிள்ள நடந்து பாத்திருக்கீங்களா? மண்ணுல கொண்டு விட்டா ஓடுவான் பாருங்க. எங்க வீட்டுக்காரரு இப்பவே பந்து வாங்கணுங்காரு."

முத்தரசி வாயைத் திறந்தாள். தாமிரா அவள் இடுப்பில் கனமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். கதவோரம் நின்ற தளவாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல உறுதியான காலு," என்றாள் முத்தரசி.

ரெஜினா மகனை வாரியெடுத்து, அந்த இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்து முத்தமிட்டாள்.