ஆளுக்கொரு கோடு

படையலுக்கு ஊறவைத்த அரிசியைக் கலைச்செல்வி தொடவில்லை. இருபத்தெட்டு வருடங்களாகத் தொட்டதில்லை.

மாமியார் மூக்காயியின் திவசத்தன்று அவளுக்கு அடுப்படியில் இடம் கிடையாது. பக்கத்து வீட்டு மருதாயி வந்து சமைப்பாள். கலைச்செல்வி விறகு பிளக்கலாம், தண்ணீர் சுமக்கலாம், பின்பக்கம் உட்கார்ந்து தேங்காய் உரிக்கலாம். துருவக் கூடாது. துருவினால் அது சமையலில் சேர்ந்துவிடும்.

“உப்பப் பாத்துப் போடச் சொல்லு. போன வருசம் கரிச்சிச்சு.”

கணவர் சந்தனம் சுவரைப் பார்த்துச் சொன்னார். மனைவியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் சுவரிடம்தான் சொல்வார். அவள் அதைக் கேட்டு நடக்க வேண்டும். பழகிப் போயிற்று.

காரணம் ஊருக்கே தெரியும். பெருமழையில் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் மீது மலை சரிந்தபோது மற்றவர்கள் கிடைத்த வழியில் ஓடித் தப்பினார்கள். மூக்காயியால் முடியவில்லை. வீட்டுக் கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது. புத்தி தடுமாறிய கிழவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மூத்த மருமகள் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பூட்டின கையால் படைத்தால் செத்தவள் சாப்பிட மாட்டாள் என்று சந்தனம் அன்றே சொல்லிவிட்டார்.

அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள்.

முற்றத்தில் த்ரீவீல் வந்து நின்றது. சந்தனத்தின் தம்பி ராமச்சந்திரன் இறங்கினார். கேகாலைப் பக்கம் ஒரு பாடசாலையில் அதிபர். அந்தக் குடும்பத்தில் படித்து வெளியே போன முதல் ஆள். பின்னால் அவருடைய மகள் சுமித்ரா, தோளில் மடிக்கணினிப் பையோடு.

இந்த முறை திவசத்தோடு இன்னொரு வேலையும் இருந்தது. ராமச்சந்திரன் குடும்ப வரலாறு எழுதி முடித்திருந்தார். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. புத்தகத்தின் நடுவில் மடித்து வைக்க ஒரு காலக்கோடு வேண்டும். அதைச் செய்வது சுமித்ராவின் பொறுப்பு.

“பெரியப்பா, மூணு விதமா செஞ்சி பாத்துட்டேன். எது நல்லாயிருக்குன்னு நீங்கதான் சொல்லணும்,” என்று அவள் மேசையில் கணினியைத் திறந்தாள்.

“எனக்கு என்ன புள்ள தெரியும்?”

“பாருங்களேன். இது எக்செல். தேதி போட்டாத்தான் வரிசையா நிக்கும். அடையாள அட்டையில உள்ள தேதியப் போட்டேன். அப்பா அண்ணனாயிட்டாரு, நீங்க தம்பியாயிட்டீங்க.”

சந்தனம் அபூர்வமாகச் சிரித்தார். “எங்கப்பன் ரெண்டு பேரு பேரையும் ஒரே நாள்ல குடுத்துப் பதிஞ்சாரு. யாரு மூத்தவன்னு பதியிற மாத்தயா கேக்கல, இவரும் சொல்லல. அன்னைக்கில இருந்து கவர்மெண்டுக்கு இவன்தான் அண்ணன். அதான் இவனுக்குச் சம்பளம் கூட.”

“லயத்துல யாருகிட்ட கேட்டாலும் தேதி தெரியல பெரியப்பா. மீசக்காரத் தொரை இருந்தப்பங்கிறாங்க, பெரிய ஸ்ட்ரைக்குக்கு முந்திங்கிறாங்க. அதனால எக்செல் சரிவராது. இந்த ரெண்டாவது பாருங்க.”

ஒரே நீளக் கோடு. அதில் வட்டம் வட்டமாகப் படங்கள். முப்பாட்டன் கப்பலிறங்கியது, லயத்துக்கு வந்தது, ராமச்சந்திரன் பட்டம் வாங்கியது.

“இதுதான். இதையே போடு,” என்றார் ராமச்சந்திரன். “பாக்க லட்சணமா இருக்கு.”

கலைச்செல்வி தேநீர்த் தட்டோடு வந்தவள், மாமியாரின் படத்தைக் கண்டு நின்றாள். வட்டத்துக்குக் கீழே எழுத்து இருந்தது. அவள் மெதுவாகத்தான் வாசிப்பாள். ஆனால் வாசிப்பாள்.

‘மண்சரிவில் அன்னை மறைவு. அன்று மூத்த மருமகள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தாய் வீடு சென்றிருந்தார்.’

தட்டை மேசையில் வைத்தாள். இதுநாள்வரை இது வாயோடு இருந்தது. சொன்னவர்கள் செத்தால் அதுவும் சாகும் என்று அவள் காத்திருந்தாள். இனி அச்சில் இருக்கும். மகன் சதீஸின் பிள்ளைகள் வாசிப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளும்.

“தம்பி... இத எடுத்திருங்க.”

“எப்டி மதினி எடுக்கிறது? வரலாறு. நடந்தத மறைக்க ஏலாது.” ராமச்சந்திரன் தேநீரை எடுத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உங்களக் கொறையா ஒன்னும் எழுதலியே. சென்றிருந்தார்னு மரியாதையாத்தான் போட்டிருக்கேன்.”

“நடந்தத மறைக்க ஏலாது,” என்று அவள் திருப்பிச் சொன்னாள். “சரிதான் தம்பி.”

தேநீர் அவருக்குப் புரையேறியது.

“நானும் இது வேணாம்னுதான் சொல்றேன்,” என்றாள் சுமித்ரா. “ஒத்தக் கோட்டுல ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் தெரியிறாங்க. மத்தவங்க அப்ப எங்க இருந்தாங்கன்னே தெரியல. மூணாவதப் பாருங்க. இதுல ஆளுக்கொரு கோடு. தேதியே வேணாம். இதுக்கு முந்தி, இதுக்குப் பிந்தின்னு சொன்னாப் போதும். எல்லாத்தையும் பாதிச்ச விசயத்த நெட்டுக்குத்தா ஒரு கோடு போட்டா எல்லாரு மேலயும் வெட்டிக்கிட்டுப் போகும்.”

“வேணாம்.” ராமச்சந்திரனின் குரல் பாடசாலைக் குரலாகிவிட்டது. “நூல்கண்டு மாதிரி சிக்கிக்கும். புத்தகம் எழுதினது நான். ஒத்தக் கோடுன்னா ஒத்தக் கோடுதான்.”

“செஞ்சே முடிச்சிட்டேன்பா. ஒரு நாள்தான் பாக்கி, மண்சரிவு அன்னைக்கி. பெரியப்பா, பாலம் போன கதையச் சொல்லுங்க, அத நெட்டுக்குத்தாப் போடணும்.”

சந்தனம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய கதை. வருடம் தவறாமல் சொல்வார்.

“ராத்திரி சிப்டு முடிஞ்சி தேயில ஸ்டோர விட்டு வெளிய வந்தா பாலத்தக் காணோம். விடியக்காலம் ஆத்து வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு. டவுன் ரோடும் கொழுந்து லொறியும் அந்தப் பக்கம், ஸ்டோரும் லயமும் இந்தப் பக்கம். மேல்கணக்குக்கு ஏறுற பஸ்ஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதனாலதான் நான் வீட்டுக்கு வராம ஸ்டோர்லயே நின்னுட்டேன். அன்னைக்கிப் பின்னேரந்தான் மேல்கணக்கு சரிஞ்சிச்சு. மூணு நாளைக்கு ஒரு ஆளு ஆத்தத் தாண்டல. அப்பறம் கயிறு கட்டித்தான்...”

சுமித்ரா திரையில் ஒரு சிவப்புக் கோட்டை மேலிருந்து கீழாக இழுத்தாள். பாலம். அது பெரியப்பாவின் கோட்டை வெட்டியது. பெரியம்மாவின் கோட்டை வெட்டியது. அப்பாவின் கோட்டை வெட்டியது.

அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“பெரியப்பா... பெரியம்மா காலைல பஸ்ல ஓப்பநாயக்கவுல உள்ள தாய் வீட்டுக்குப் போனாங்கன்னு எழுதியிருக்கு. பாலம் விடியக்காலமே போயிருச்சின்னா பஸ் எப்டிப் போச்சு?”

அடுப்படியில் மருதாயியின் கரண்டிச் சத்தம் நின்றது.

“அப்பா, நீங்களும் அன்னைக்கிக் காலைலதானே வேல விசயமா இரத்தினபுரிக்குப் போனீங்க?”

“மொத நாளே போயிருப்பேன். யாருக்கு ஞாபகம் இருக்கு?”

சுமித்ரா கைப்பிரதியைப் புரட்டினாள். வாசித்தாள். “‘அன்று காலை அன்னை என் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள். அந்த விரல்களின் சூடு இன்றும் என் நெற்றியில் இருக்கிறது. மாலையில் அவள் இல்லை.’ இது நீங்க எழுதினதுப்பா. இத டைப் பண்ணும்போது நான் அழுதேன்.”

ராமச்சந்திரன் கணினியை மூடக் கை நீட்டினார். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தனம் சுவரை விட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நீ எங்க இருந்த?”

“இப்பதான் கேக்கிறீங்க.”

“எங்க இருந்தன்னு கேட்டேன், செல்வி.”

தன் பெயரைக் கேட்டு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று ஒரு காலத்தில் ஏங்கியிருக்கிறாள்.

“சதீஸுக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்திச்சு. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அத்தை மழையில எந்திரிச்சிப் போயிருமேன்னு பயம். தம்பி அப்ப வீட்டுலதான் இருந்திச்சு. ‘நான் பாத்துக்கிறேன் மதினி, நீங்க போங்க’ன்னிச்சு. போனேன்.”

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

“பூட்டினது யாரு?” என்றாள் சுமித்ரா.

ராமச்சந்திரன் மகளின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். “அர மணி நேரத்துல வந்துருவேன்னுதான்... கீழக் கடையில சீட்டு வெளையாடக் கூப்பிட்டானுங்க... அம்மா வெளிய போயிரக் கூடாதுன்னுதான்...”

மற்றது கலைச்செல்விக்கும் ராமச்சந்திரனுக்கும் மட்டும்தான் தெரியும். டிஸ்பென்சரியின் பின்புறம், சேறு பூசிய உடம்போடு அவன் அவள் கால்களைக் கட்டிக்கொண்டு கிடந்தது. ‘அண்ணன் என்னைய வெட்டிப் போட்டுருவாரு மதினி. வாத்தியார் வேலைக்குக் கடுதாசி வரப்போற நேரம்...’ அவள் மருமகளாக வந்தபோது அவன் காற்சட்டைப் பையன். மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்து அவள்தான் அவனைப் படிக்க வைத்தாள். பெற்ற பிள்ளை ஒரு கையில் சுருண்டு கிடக்க, மறு கையால் அவன் தலையைத் தொட்டாள். தானே பூட்டிவிட்டுத் தாய் வீடு போனதாகச் சொல்லும் பொய் ஒரு மாதம் தாங்கினால் போதும் என்று நினைத்தாள். புருஷனின் கோபம் ஆறியதும் அவனே சொல்லிவிடுவான் என்று நினைத்தாள்.

அவன் வேலைக்குப் போனான். கல்யாணம் கட்டினான். அதிபர் ஆனான். சொல்லவில்லை. எழுதி எழுதி, கடைசியில் அவனே அதை நம்பியும்விட்டான்.

“அன்னைக்கி சாயங்காலம் நான் மேல ஓடி வந்தப்ப ரெண்டு பேரும் சேத்தோட வந்து நின்னீங்க,” என்றார் சந்தனம். “ஆத்தச் சுத்தி நடந்து வந்தீங்கன்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்க. ஒத்தக் கேள்வி கேக்கல. கன்னத்துல அறஞ்சீங்க.” அவள் குரல் உயரவில்லை. “நான் சொன்ன பொய்க்கு ஒரு மாசந்தான் ஆயுசுன்னு நெனச்சேன். இருபத்தெட்டு வருசம் அத வளத்தது நீங்கதான். பாலம் போனதும் உங்களுக்குத் தெரியும். நான் பஸ்ல போனேன்னு சொன்னதும் தெரியும். டிஸ்பென்சர் ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பாரு. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சிப் பாக்க இந்தப் பொட்டி வர வேண்டியிருந்திச்சு.”

சந்தனம் முகத்தைப் பொத்திக்கொண்டார். தம்பியின் மேல் பாய்வார் என்று சுமித்ரா பயந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

ராமச்சந்திரன் நாற்காலியை விட்டுச் சரிந்து கலைச்செல்வியின் காலடியில் விழுந்தார். “மதினி... என்னைய மன்னிச்சிருங்க மதினி...”

“எந்திரிங்க தம்பி. காலுல வுழுந்து ஆரம்பிச்சதுதான் இவ்வளவும். மறுபடியும் வுழுந்தா என்னாகப் போகுது? உங்க கோட்டுல அந்த எடம் வெறுமையாக் கெடக்கு. எழுதுங்க.”

“அத புத்தகத்துல போட்டா என் மானம்...”

“அப்ப எனக்கு என்ன இருந்திச்சுன்னு நெனச்சீங்க?”

சுமித்ரா கணினியைத் தகப்பன் முன்னால் நகர்த்தினாள். உதவவில்லை. அவர் ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்தார். முதலில் ‘கதவு பூட்டப்பட்டது’ என்று வந்தது.

“யாரால?” என்றாள் மகள்.

அழித்தார். மறுபடி அடித்தார். ‘அம்மாவை உள்ளே வைத்து நான் பூட்டினேன். பழியை மதினி ஏற்றார்.’ கலைச்செல்வி குனிந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

சந்தனம் அடுப்படிக்குப் போய் அரிசிச் சட்டியை எடுத்து வந்தார். கன்னம் நனைந்திருந்தது. எல்லோரும் பார்க்க அதை மனைவியின் முன் நீட்டினார்.

“செல்வி... மருதாயி ஆக்கினது கெடக்கட்டும். கொஞ்சம் அரிசி மிச்சம் இருக்கு. நீ ஆக்கு. அம்மாக்கு நீ படை. எனக்காக வேணாம்... அம்மாக்காக.”

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை திவசங்களில் அவள் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். வந்தால் விழுந்து அழுவாள் என்று நினைத்திருந்தாள். இப்போது வந்துவிட்டது. கண் எரிந்தது, அவ்வளவுதான்.

“வேணாங்க. ஆக்கினது ஆறிப் போகுது, எடுத்துக்கிட்டு அத்தை கெடக்கிற மலைக்கிப் போங்க.”

“நீயும் வா.”

“நீங்க ரெண்டு பேரும் பெத்த புள்ளைங்க. சேந்து போயிப் படைங்க. நான் அத்தைகிட்ட இன்னொரு நாள் தனியாப் போயிப் பேசிக்கிறேன். எனக்கும் அத்தைக்கும் நடுவுல எந்தக் கோவமும் இல்ல. அதுக்கு எல்லாம் தெரியும்.”

“எம் மேல கோவமா?”

அவளுக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை.

“ஆமா,” என்றாள். “நேரமாகுது, போங்க.”

அண்ணனும் தம்பியும் படையல் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு மானாப்புல் மண்டிய சரிவில் ஏறினார்கள். ஒருவர் முன்னால், மற்றவர் வெகு பின்னால். கலைச்செல்வி வாசலில் நின்று பார்க்கவில்லை.

உள்ளே வந்து மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதுவரை அந்த மேசையில் அவள் உட்கார்ந்ததில்லை. சுமித்ரா அவளைக் கட்டிக்கொண்டாள். முதுகு குலுங்கியது பெரியவளுக்கா சின்னவளுக்கா என்று சொல்ல முடியாது.

“சரி, சரி. கண்ணத் தொடச்சிக்க. ஒத்தக் கோட்ட அழிச்சிட்டியா?”

“அழிச்சிட்டேன் பெரியம்மா. ஆளுக்கொரு கோடுதான் இனி.” சுமித்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைத் திருப்பினாள். “உங்க கோட்டுல அந்த ஒரு நாளத் தவிர ஒன்னுமே இல்ல. அப்பா எழுதல. எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்? கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள்ல இருந்தா?”

கலைச்செல்வி திரையைப் பார்த்தாள். தன் கோடு நடுவில் தொடங்குவதைப் பார்த்தாள்.

“அதுக்கு முந்தியும் நான் இருந்தேன், புள்ள,” என்றாள். “இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இழு.”