ஐம்பத்தைந்து கிலோ மனிதன்

யாரோ மஞ்சள் நிறக் குளியல் தொட்டி ஒன்றைத் தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் நகுமோ முதலில் நினைத்தான். ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது அது கார் என்று தெரிந்தது. இரண்டே இருக்கை, கூரை திறந்திருந்தது, கதவு தொடை உயரம்கூட இல்லை. அதற்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்தாள். எழுந்தாள், எழுந்துகொண்டே இருந்தாள். முழுவதும் வெளியே வந்ததும், கார் பெருமூச்சு விட்டதுபோல் சற்று உயர்ந்து நின்றது.

"தோகிவா-சான், நம்ம மாடிப்படி தாங்குமா?"

"வாயை மூடிட்டு டீ போடு," என்றார் தோகிவா. துப்பறியும் தொழிலில் இருபது வருடமாக அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உதவியாளன் நகுமோவோ ஆறு வருடமாகக் குரலைத் தாழ்த்தியதில்லை.

வந்தவள் இசோபே மிட்சுயோ. மலைமேல் கமினோசேயில் தோஃபு கடை வைத்திருப்பவள். ஒரு காலத்தில் குண்டு எறிதலில் மாகாணத்துக்கே முதலாவதாக வந்தவள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையை இரண்டு கைக்குள்ளும் மறைத்துக்கொண்டு பேசினாள்.

"எங்க கோயில்ல ஒரு இளவட்டக்கல் இருக்கு. அறுபது கிலோ. திருவிழா அன்னிக்கு ஆம்பளைங்கதான் தூக்குவாங்க. இந்த வருஷம் நானும் தூக்கறேன்னு கேட்டேன். மூணு மாசம் கூட்டம் போட்டுப் பேசி, சரின்னாங்க. நாளைக்குத் திருவிழா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து கல்லைக் காணோம்."

"யார் எடுத்ததா சொல்றாங்க?" என்று கேட்டார் தோகிவா.

"என்னைத்தான். தூக்க முடியாதுன்னு பயந்துபோய் நானே கார்ல தூக்கிட்டுப் போயிட்டேனாம். இளைஞர் சங்கத்துத் தலைவர் குசுமி கண்ணால பார்த்தாராம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கல் வரலைன்னா என் பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் அந்த ஊர்ல எந்தப் பொண்ணும் கேக்க முடியாது."

"நேத்து நீங்க கோயிலுக்குப் போனீங்களா?"

"பழகறதுக்குப் போனேன். தூக்கிப் பார்த்தேன், வெச்சேன், வந்துட்டேன்."

"உங்க கார்ல அதைக் கொண்டுபோக முடியுமா?"

மிட்சுயோ தேநீரையே பார்த்தாள். காது மடல்கள் சிவந்தன. "அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்றாள்.

கிளம்பும்போது நகுமோ அந்த மஞ்சள் காரை ஆசையோடு தடவினான். "நான் உங்களோட வரட்டுமா? தோகிவா-சான் பஸ்ல வரட்டும். அவங்களுக்குப் பஸ்னா உயிர்."

"மன்னிச்சுக்குங்க. இதுல நான் யாரையும் ஏத்தறதில்ல." கார் உறுமிக்கொண்டு போய்விட்டது.

"திமிர்," என்றான் நகுமோ.

"இருக்கலாம்," என்றார் தோகிவா. ஆனால் கார் போன திசையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயில் வாசலில் அவர்களை வரவேற்றவர் பூசாரி அரிமுரா. வண்டிகள் போய்வர அந்த வாசல் ஒன்றுதான் வழி. அதன் குறுக்கே, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கப் புதிதாக ஒரு கான்கிரீட் மேடு போட்டிருந்தார்கள்.

"காய்ஞ்சு, நேத்து காலைலதான் திறந்து விட்டோம். கல்லை மத்தியானம் வரைக்கும் நானே பார்த்தேன்," என்றார் பூசாரி.

தோகிவா குனிந்து அந்த மேட்டை விரலால் தடவினார். வழித்துவைத்த மாவுபோல வழுவழுப்பாக இருந்தது. ஒரு கீறல் கிடையாது.

நகுமோவின் கவனம் வேறு இடத்தில். சன்னிதி முன்னால் காணிக்கையாக ஐந்து அரிசி மூட்டைகள், வைக்கோலில் பின்னிக் கயிறு கட்டி, வரிசையாக நின்றன. முதல் நாலின் மேலும் குருவிக் கூட்டம் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தது. "பாருங்க, கடைசி மூட்டை பாவம், அதை யாரும் மதிக்கல. எனக்கும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான்," என்று கைதட்டி விரட்டினான்.

குசுமி வந்தான். அகலத் தோள், திருவிழாச் சட்டை, எட்டு வருடமாகக் கல்லைத் தூக்கியவன் என்ற நடை.

"என்ன தம்பி, காத்து அடிச்சா பறந்துடுவ போலிருக்கே," என்றான் நகுமோவைப் பார்த்து.

"அதனாலதான் எப்பவும் பாக்கெட்ல சாவிக்கொத்து வெச்சிருக்கேன்."

"நேத்து என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார் தோகிவா.

"மரத்தடியில நின்னேன். மிட்சுயோ கல்லைத் தூக்கி டிக்கில போட்டா, மூடினா, கிளம்பினா. கூரை திறந்திருந்துச்சு, தலைமுடி பறக்க ராணி மாதிரி இந்த வாசல் வழியாத்தான் போனா."

"கூரை திறந்திருந்தது நிச்சயமா?"

"அவ என்னிக்கு மூடியிருக்கா? மூடினா தலை இடிக்கும்."

தோகிவா தலையசைத்தார். "நாலு மணிக்கு எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க, பூசாரி ஐயா. மிட்சுயோ-சான் காரோட வரணும்."

நாலு மணிக்குப் பாதி ஊர் கூடியிருந்தது. மஞ்சள் கார் மேட்டுக்கு உள்பக்கம் நின்றது, வழக்கம்போல் கூரை திறந்தபடி.

"டிக்கியைத் திறங்க," என்றார் தோகிவா.

மிட்சுயோ திறந்தாள். உள்ளே மடிந்துகிடந்தது கூரை. அதற்கு மேல் ஒரு தோஃபுத் துண்டு வைக்கக்கூட இடமில்லை.

"கூரை எங்க போகுதுன்னு நெனைச்சீங்க, குசுமி-சான்? திறந்தா அது டிக்கிக்குள்ளதான் போகும். கூரையும் திறந்திருந்தது, கல்லும் டிக்கில இருந்ததுன்னா அது நடக்காத காரியம்."

கூட்டத்தில் சலசலப்பு. குசுமி கழுத்தைச் சொறிந்தான். "தூரத்துலேர்ந்து பார்த்தேன். அப்போ பக்கத்து சீட்டா இருக்கும். ரெண்டு பேர் போற கார்தானே? அவ ஒருத்தி, கல்லு ஒருத்தன். கணக்கு சரியாத்தானே வருது?"

நகுமோவுக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் அவனுக்குப் பெருமைப்பட வாய்த்த விஷயமே ஒன்றுதான், அது இப்போது சபையேறியது. "எந்தக் கணக்கு? காரோட மொத்த எடைக்குக் கணக்குப் போடறப்ப, ஒரு ஆள்னா ஐம்பத்தஞ்சு கிலோன்னு வெச்சிருக்காங்க. ரெண்டு பேர்னா நூத்திப்பத்து. நான் சரியா ஐம்பத்தஞ்சு! என்னை நிக்க வெச்சுப் பார்த்துத்தான் சட்டமே எழுதியிருக்காங்க!"

"நூத்திப்பத்துல," என்று ஆரம்பித்த தோகிவா நிறுத்தினார். மிட்சுயோவின் அருகில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். நகுமோவுக்குக் கேட்டது. "மீதியைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். வேணாம்னா நான் வேற வழி தேடறேன்."

மிட்சுயோ தன் காரைப் பார்த்தாள். குசுமியைப் பார்த்தாள். பிறகு, குண்டை எறியப்போகிறவள்போல் மூச்சை உள்ளிழுத்தாள்.

"நூத்திப் பதினெட்டு கிலோ!" கோயில் மரங்களிலிருந்து பறவைகள் கிளம்பின. "காலைல சாப்பிடறதுக்கு முன்னாடி! சட்டக் கணக்குல நான் ஒருத்தியே ரெண்டு பேர், மிச்சமும் இருக்கு. இந்தக் கார் என்னை ஏத்திக்கிட்டா அதோட நிறைஞ்சுபோச்சு. இன்னொரு ஆள் ஏறினா வயிறு தரையில உரசும். அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் யாரையும் ஏத்தறதில்ல. திமிர்னு நீங்க எல்லாரும் பேசறது தெரியும். எடையைச் சொல்றதைவிடத் திமிர்னு பேர் வாங்கறது மேல்னு இருந்தேன். இனிமே அந்த வெக்கம் எனக்கு வேணாம். இந்த உடம்புதான் மாகாணத்துக்குப் பதக்கம் வாங்கிக் குடுத்துச்சு!"

நகுமோவின் முகம் வெந்நீர் பட்டதுபோல் ஆனது. திமிர் என்று சொன்னவர்களில் அவனும் ஒருவன் அல்லவா?

"தனியா ஓட்டிக் காட்டுங்க," என்றார் தோகிவா.

கார் மேட்டை மெல்லத் தாண்டியது. அடியில் ஒரு விரல் இடைவெளி. சத்தமே இல்லை.

"திரும்பி வாங்க. நகுமோ, ஏறு. உனக்கு ஆசைதானே?"

நகுமோ ராஜாபோல ஏறி உட்கார்ந்தான். கார் நகர்ந்தது. க்ர்ர்ரீச் என்று ஊருக்கே பல் கூசும்படி ஒரு சத்தம். புதுக் கான்கிரீட்டில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு.

"கல் இவனைவிட அஞ்சு கிலோ கூட," என்றார் தோகிவா. "நேத்து இந்தக் கார்ல கல் போயிருந்தா இந்தக் கோடு நேத்தே விழுந்திருக்கும். இன்னிக்கு மத்தியானம் நான் தடவிப் பார்த்தப்போ ஒரு கீறல் இல்லை. கார் வெறுமையா போச்சு. பார்க்காததைப் பார்த்ததா ஒருத்தர் சொல்றாருன்னா, கல் எங்கேன்னு அவருக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். குருவிங்களுக்கும் தெரியும்."

"குருவியா?" என்றார் பூசாரி.

"நாலு மூட்டைல அரிசி சிந்துது, குருவி மொய்க்குது. அஞ்சாவதை அதுங்க திரும்பிக்கூடப் பார்க்கல. அரிசி மூட்டையும் அறுபது கிலோ, கல்லும் அறுபது. நாளைக்கு யார் தூக்கி நகர்த்தினாலும் சந்தேகம் வராது. மூட்டை கட்டினது யாரு?"

"இளைஞர் சங்கம்," என்றார் பூசாரி மெதுவாக.

கயிற்றை வெட்டினார்கள். வைக்கோல் சரிந்தது. உள்ளே கல், தூங்கி எழுந்த குழந்தைபோல் உட்கார்ந்திருந்தது.

குசுமி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "எட்டு வருஷமா நான்தான் தூக்கறேன். போன மாசத்துலேர்ந்து முதுகுல வலி. இந்த வருஷம் நான் தூக்காம, அவ தூக்கிட்டா... ஊர்ல என் மூஞ்சி என்ன ஆகறது?"

மிட்சுயோ அவனைத் தாண்டிப் போனாள். குனிந்தாள். கல் அவள் முழங்காலுக்கு வந்தது, மார்புக்கு வந்தது, தோளில் ஏறி உட்கார்ந்தது. கூட்டம் கத்திய கத்தலில் நகுமோவின் சாவிக்கொத்தே அதிர்ந்தது.

"என் எடையை ஊர் முழுக்கச் சொல்லிட்டேன், என் மூஞ்சி நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அவள், கல்லை இறக்காமலே. "உன் முதுகு வலியைச் சொல்றதுக்கு உனக்கென்ன? முதல்ல மன்னிப்புக் கேளு. அப்புறம் போய் வைத்தியரைப் பாரு."

குசுமி நெற்றி மண்ணில் படக் குனிந்தான்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. தோகிவாவைப் பூசாரி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். நகுமோ மேட்டருகில் தயங்கி நின்றான்.

"காலைல உங்களைத் திமிர்னு சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

"அது கிடக்கட்டும். நடந்து அந்தப் பக்கம் போங்க," என்றாள் மிட்சுயோ. "மேடு தாண்டி ஏத்திக்கறேன். வழியில பள்ளம் வந்தா இறங்கி நடக்கணும். சம்மதமா?"

நகுமோ நடந்துபோய் அந்தப் பக்கம் நின்றான். அரசாங்கம் நிர்ணயித்த எடையில் ஒரு கிராம்கூடக் குறையாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்த மஞ்சள் கார் சத்தமில்லாமல் தாண்டி வருவதற்காகக் காத்திருந்தான்.