விட்டுக்கொடுத்த வேலை

காரமடையில் பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் ஓடிய லின்சி, லேப் வாசலில் ஒருவன் மேல் மோதினாள். அவன் சான்றிதழ்கள் ஈரத்தில் சிதறின. பதறிப்போய் அவள் குனிய, அவனும் குனிய... மழைத்துளி தங்கிய இமைகளுக்குள் இரண்டு கண்கள் கோபப்படாமல் சிரித்தன.

“ஏனுங்க, இன்டர்வியூக்கு முன்னாடியே என்னைத் தள்ளிவுட்டுட்டீங்களே?”

அவன் பெயர் யஷ்வந்த். அவளைப் போலவே பயோடெக்னாலஜி முடித்து, ஒரு வருடமாக வேலை தேடி அலைபவன். திசு வளர்ப்பு வாழைக்கன்று தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் லேப் டெக்னீஷியன் இடம் ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கு நான்கு பாட்டில் கொடுத்து, கிருமி படாமல் அவற்றுக்குள் வாழைக் குருத்தை வெட்டி வைக்கச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து வேலை லின்சிக்குக் கிடைத்தது. யஷ்வந்த் அங்கேயே, விவசாயிகளிடம் கன்று விற்கும் வேலையில் சேர்ந்தான்.

சனிக்கிழமைதோறும் கன்று ஏற்ற வருவான். லேப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைப்பான். மாஸ்க்குக்குள் அவள் சிரிப்பாள்... அது அவனுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்.

ஒருநாள் உடன் வேலை செய்யும் உம்மல் குல்சும் அக்கா பேச்சுவாக்கில் சொன்னாள்: அந்த இடத்தை யஷ்வந்த்தான் லின்சிக்காக விட்டுக்கொடுத்தானாம், ஆபீசில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். லின்சிக்குச் சுருக்கென்றது. இரக்கப்பட்டுத் தந்ததா இந்த வேலை? மூன்று வாரம் அவன் பக்கமே திரும்பவில்லை. நான்காம் வாரம் ராஜினாமாக் கடிதத்தோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

“நீங்க விட்டுக்கொடுத்த வேலை எனக்கு வேண்டாமுங்க.”

அவன் திகைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“என் நாலு பாட்டில்லயும் பூஞ்சை புடிச்சுப்போச்சுங்க. உங்களுதுல ஒண்ணுலகூட இல்ல. நான் எங்கீங்க விட்டுக்கொடுத்தேன்? தோத்துப்போட்டேன். அவங்களாப் பேசிக்கிட்டாங்க... நானும் மறுக்கல. அது தப்புதானுங்க.”

“ஏன் மறுக்கல?”

“வெக்கமா இருந்துச்சுங்க. தோத்ததைச் சொல்லவும்... உங்களைப் புடிச்சிருக்குன்னு சொல்லவும்.”

முதலில் உள்ளே போய் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு வரும்படி சொல்லி, ஆபீஸ் கதவைக் காட்டினாள். அவன் போனான். காது சிவக்கத் திரும்பி வந்தபோது, அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். கடிதம் அவள் கையில் நாலாய்க் கிழிந்திருந்தது.

“நீங்க சொன்னதுல அந்த ரெண்டாவது வெக்கம்...” குரல் இறங்கியது. “எனக்கும் இருந்துச்சுங்க.”