லிப்டில் ஏறாத தனேஷ்

மலேசியாவில், கிள்ளானில் இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளி முழுக்க ஒரே பேச்சு. 'நனைந்த காலடிகள்' என்ற பேய் நாவலைப் பற்றித்தான். மெல்லிய புத்தகம், கறுப்பு அட்டை. அதில் சிவப்பு எழுத்தில், 'பயந்த சுபாவம் உள்ளவர்கள் படிக்க வேண்டாம்' என்று எச்சரிக்கை வேறு. பள்ளியில் யாரும் அதை இன்னும் படிக்கவில்லை. ஆனால் எல்லாரும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

"எங்க அம்மா பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போறப்ப வாங்கிட்டு வராங்க. நான்தான் முதல்ல படிப்பேன்," என்று ஐந்தாம் ஆண்டு சிந்து வாரம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் புத்தகம் கைக்கு வந்தது. சிந்து அறைக் கதவைத் திறந்தே வைத்தாள். பகலிலேயே விளக்கைப் போட்டாள். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

ஓர் அடுக்குமாடி. அதன் லிப்டில் தினமும் ஈரக் காலடிகள். யாருடைய காலடிகள்? இதோ பயம் வரும், இதோ வரும் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் வந்தது பேய் அல்ல. ஒழுகும் ஏர்கான் குழாய். அந்தத் தண்ணீரை மிதித்தவர்களின் காலடிகள்தாம் அவை.

"இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளி வேனில் ஏறியதுமே தோழி ரிஸ்வானா பிடித்துக்கொண்டாள். "படிச்சியா? பயமா இருந்துச்சா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை என்று சொல்ல சிந்துவுக்கு வாய் வரவில்லை. வாரம் முழுக்கப் பேசிய பேச்சு என்னாவது?

"ஐயோ, கேக்காத லா," என்றாள் மெல்ல. "ராத்திரி தூங்கவே இல்ல. ஒரு பிளாட். அங்க லிப்ட்ல ஒரு கண்ணாடி. கதவு மூடினதும் கண்ணாடிக்குள்ளேருந்து ஒரு கை வரும். சில்லுனு பின்கழுத்துல வைக்கும். திரும்பிப் பாத்தா..."

"பாத்தா?"

"திரும்பிப் பாத்தவங்க யாருமே வெளிய வரல."

ரிஸ்வானா தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள். எல்லாரும் நம்பியதில் சிந்துவுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. கடைசி இருக்கையில் தனேஷ் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. தனேஷ் முதலாம் ஆண்டுப் பையன். சிந்து குடியிருந்த அதே பிளாட்தான் அவனுக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை. சிந்து கீழே லிப்டுக்குள் ஏறியபோது, தனேஷின் அம்மா தங்கமணி இரண்டு கையிலும் பைகளோடு படிக்கட்டுப் பக்கம் போவதைப் பார்த்தாள். தனேஷ் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"அக்கா, லிப்ட் வந்துருச்சு," என்று சிந்து கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"நீ போம்மா. இவன் ஏற மாட்டேங்கிறான். திங்கக்கிழமையிலேருந்து நடந்துதான் போறோம்."

அவர்கள் வீடு எட்டாவது மாடியில். தங்கமணி அக்கா மேரு என்ற பக்கத்து ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருபவர்.

"ஏன்க்கா?"

"கண்ணாடிலேருந்து கை வருமாம். யாரோ சொல்லி வச்சிருக்காங்க. யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

தனேஷ் சிந்துவைப் பார்த்தான். பிறகு தலை குனிந்துகொண்டான்.

சிந்துவுக்குக் காது இரண்டும் சுட்டன. லிப்ட் கதவை விட்டுவிட்டு வெளியே வந்தாள். "பையக் குடுங்கக்கா," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

பாதி வழியில் அக்கா படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "நல்ல பிள்ளைம்மா நீ. உங்க அம்மா குடுத்து வச்சவங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சிந்துவுக்கு.

மறுநாள் தனேஷைத் தேடிப் போனாள். அம்மா வேலைக்குப் போனால் அவன் கீழ் வீட்டு அத்தையிடம்தான் இருப்பான்.

"அது பொய்டா தனேஷ். நானா சொன்னது. புத்தகத்துல கையும் இல்ல, பேயும் இல்ல."

"என்னைய லிப்ட்ல ஏத்தத்தான இப்படிச் சொல்றீங்க?"

சிந்து புத்தகத்தைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். தனேஷ் நம்பாமல் தலையை ஆட்டினான். "மாத்திப் படிக்கிறீங்க. அன்னைக்கும் பொய்தான சொன்னீங்க?"

சிந்து புத்தகத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"சரி. விரல வச்சு நீயே பாரு. நான் மாத்துறேனான்னு."

"முதல்லேருந்து படிங்க. நடுவுல எங்கயாச்சும் கை இருந்தா?"

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். சிந்து வாசிக்க வாசிக்க, தனேஷின் விரல் ஒவ்வொரு சொல்லாக ஊர்ந்தது. சந்தேகம் வந்தால் நிறுத்தி எழுத்துக்கூட்டிப் பார்த்தான். கீழே மற்றவர்கள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதையை இரண்டாவது முறை, அதுவும் எழுத்து எழுத்தாகப் படிப்பதுதான் உண்மையான பயங்கரம் என்று சிந்து நினைத்தாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள்.

கடைசிப் பக்கத்தைத் தனேஷே படித்தான். "ஏ... ர்... கா... ன்... கு... ழா... ய்." பக்கத்தைத் திருப்பினான். வெறும் தாள். "ஏர்கானா? பேய் எங்க?"

"இல்ல."

"இதுக்கா நான் இத்தன மாடி ஏறினேன்?"

"எனக்கும் படிச்சப்ப கோவம்தான் வந்துச்சு."

"அத வேன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள் சிந்து. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அப்போது தங்கமணி அக்கா வேலை முடிந்து வந்தார். தனேஷ் ஓடிப்போய் லிப்ட் பொத்தானை அழுத்தினான். பிறகு திரும்பிவந்து சிந்துவின் காதில், "நீங்கதான் சொன்னதுன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. நானும் சொல்லல," என்றான்.

மூவரும் ஏறினார்கள். தனேஷ் உள்ளே இருந்த எல்லாப் பொத்தான்களையும் ஒன்றுவிடாமல் அழுத்தினான். "ஒவ்வொரு மாடியாப் பாத்துறணும்."

கதவு மூடியது. சிந்து தன் செருப்பைப் பார்த்தபடியே, "அக்கா, அந்தக் கைக் கதையச் சொன்னது நான்தான்," என்றாள்.

கதவு திறந்தது. யாரும் இல்லை. மறுபடியும் மூடியது.

"புத்தகம் சப்புன்னு இருந்துச்சு. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான்... மன்னிச்சிருங்கக்கா."

அக்கா குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "முட்டி இன்னும் வலிக்குது," என்றார்.

சிந்து தலையை ஆட்டினாள்.

அடுத்த மாடியில் துணிக்கூடையோடு ஓர் அங்கிள் நின்றிருந்தார். "மேலயா, கீழயா?"

"பேய் இருக்கான்னு பாத்துக்கிட்டே போறோம் அங்கிள்," என்றான் தனேஷ். "இதுவரைக்கும் இல்ல."

"அப்ப நான் அடுத்த லிப்ட்ல வரேன்," என்று அங்கிள் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

கதவு மூடியதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். பிறகு சிந்துவிடம், "நாளைக்கு வேன்லயும் சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சொல்றேன்க்கா."

லிப்ட் மிச்ச மாடிகளிலும் நின்று நின்று போனது. கதவு திறந்தபோதெல்லாம் தனேஷ் தலையை வெளியே நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, "இங்கயும் இல்ல," என்று அறிவித்தான்.