ஆடாமல் அசையாமல்

பெட்டியில் இரண்டு பொம்மைகள்தான் இருந்தன. தலைமை அலுவலகம் அனுப்பியிருந்த படத்தில் மூன்று.

தெர்மகோல் துண்டுகளைக் கிளறிப் பார்த்தாள். ஆளுயர அப்பா பொம்மை ஒன்று, பையன் பொம்மை ஒன்று. படத்தில் இரட்டைப் பின்னலும் மஞ்சள் கவுனுமாக மேசையோரம் உட்கார்ந்திருந்த சிறுமி மட்டும் எங்கேயும் இல்லை.

வீடு மாதிரியே அமைத்த கடை அது. கதவைத் திறந்தால் ஹால், அப்புறம் சாப்பாட்டு அறை, படுக்கையறை. எதைத் தொட்டாலும் விலைச்சீட்டு தொங்கும். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் மாதம் ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது அவள் வேலை. படத்தில் இருப்பது கண்ணாடிக்குள் இருக்க வேண்டும், இல்லாதது இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அலங்காரம் மாற்றுகிற நாளில் கடைக்கு விடுமுறை. கண்ணாடி முழுக்க உள்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தாள். நடுப்பகல் வெயில் அதில் வடிகட்டி விழுந்து, நாற்காலி, மேசை, அப்பா பொம்மையின் வழவழ முகம் எல்லாவற்றின் மேலும் ஆறிப்போன டீயின் நிறத்தில் படிந்திருந்தது. இரண்டு மணிக்குள் படம் எடுத்து அனுப்பி ஒப்புதல் வாங்காவிட்டால் மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

பள்ளி விடுமுறை என்று கூட்டி வந்திருந்த மகள் ஏற்கெனவே குதித்துக்கொண்டுதான் இருந்தாள், விற்பனைக்கு வைத்திருந்த கட்டில் மேல். ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள்.

"ஏம்மா, இந்த வீட்ல அம்மா இல்லையா?"

"படத்துல இல்ல. அதனால இங்கயும் இல்ல."

"பாவம்மா அந்தப் பையன்."

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மகளுக்கு இரட்டைப் பின்னல் இருக்கிறது. கவுனும் கடையிலேயே இருக்கிறது. தூரத்திலிருந்து எடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? நிஜப் பொம்மையை நாளைக்கு வேறு கிளையிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம்.

"வாலு, இங்க வா. அம்மாவுக்காக ஒரே நிமிஷம் ஆடாம அசையாம உக்காரு. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

மஞ்சள் கவுனை மாட்டி மேசையோரம் உட்காரவைத்தாள். படம் எடுத்தாள், அனுப்பினாள். தலைமை அலுவலகத்திலிருந்து உடனே பதில் வந்தது.

'சிறுமியின் கால் ஆடுகிறது. சரிசெய்யவும்.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கால் தெளிவாகத்தான் இருந்தது. அசையாத படத்தில் கால் எப்படி ஆடும்? முதுகுக்குப் பின்னால், குதிகால் நாற்காலியில் இடிக்கும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

"கால ஆட்டாத."

சத்தம் சட்டென்று நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை இல்லையே என்று ஒரு நொடி தோன்றியது. மணி ஒன்றே முக்கால். இன்னொரு படம் எடுத்து அனுப்பினாள்.

'கண் சிமிட்டுகிறது. சரிசெய்யவும்.'

வேலை போனால் போகட்டும்.

"போதும், எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

மகள் மேசையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"நீதான் ஜெயிச்ச. எந்திரி வாலு."

விளையாடுகிறாள். அதற்கு மருந்து இருக்கிறது. அக்குளில் கூச்சம் காட்டினால் எப்பேர்ப்பட்ட கோபத்திலும் சுருண்டு விழுந்து சிரிப்பாள். கிட்டே போய் விரலை நுழைத்தாள். புதுப் பிளாஸ்டிக் வாடை அடித்தது. விரல் எதிலோ முட்டியது. கெட்டியாக இருந்தது. வழவழப்பாக இருந்தது.

மூக்கின் கீழே கையை வைத்தாள். காற்று இல்லை.

தூக்கப் பார்த்தாள். நாற்காலியும் சேர்ந்து வந்தது. கத்தினாள். காகிதத்துக்கு அந்தப் பக்கம் தெரு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை மகளின் தோளில் இருக்க, மறு கையில் போன் அதிர்ந்தது.

'திருத்திய படம்.'

அப்பா. பையன். சிறுமி. சிறுமியின் பின்னால், தோளில் கை வைத்தபடி, ஒரு அம்மா. இவள் உடுத்தியிருந்த அதே உடுப்பு.

தோளிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

போன் நழுவித் தரையில் விழுந்தது. குனிய முடியவில்லை. முழங்கால் மடங்கவில்லை. காகிதத்தின் ஒரு மூலை தானாக உரிந்தது. மறு மூலை. மொத்தமும் சரிந்து விழ, வெயில் முகத்தில் அடித்தது.

வெளியே ஒரு பெண், கையில் குழந்தையோடு, கண்ணாடியருகே நின்றாள்.

"பாருடா, எவ்ளோ அழகா வச்சிருக்காங்க."

கூப்பிட நினைத்தாள். உதடு பிரியவில்லை. கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது. கீழே, போன் ஒளிர்ந்தது.

'தாயின் கண்ணில் நீர் வடிகிறது. சரிசெய்யவும்.'