சிங்கப்பூரிலிருந்து வந்த ஆறு நிமிடம்

படியேறி வந்த பெண் நாற்காலியைப் பார்த்தாள்; உட்காரவில்லை. சேலைத் தலைப்பில் சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது. சித்தாள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று கார்த்திகேஷ் நினைத்துக்கொண்டான்.

"எம் பேரு முத்துத்தாய். பசுமலையில ஒரு வாத்தியார் செத்துப்போனாருல்ல, கொலைன்னு பேப்பர்ல போட்டாங்களே. அதுல புடிச்சுட்டுப் போனது எம் புருசன் சுடலையத்தான்."

"உட்காரும்மா. அண்ணாந்து பாத்தா எனக்குக் கழுத்து வலிக்கும்" என்றாள் ராதாமணி.

முத்துத்தாய் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

கீழவாசலில் ஒரு சாயக் கடையின் மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் இருபது வருடம் போன் எடுத்துவிட்டு, விருப்ப ஓய்வில் வெளியே வந்தவள் ராதாமணி. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்வார்கள். மருந்துக் கம்பெனி வேலை போன பிறகு அவளிடம் வந்து சேர்ந்த கார்த்திகேஷ், ஒரு கொலை வழக்குக்காக எட்டு மாதமாகக் காத்திருந்தான். அது வந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, காத்திருந்ததற்காகக் கூச்சப்பட்டான்.

அவள் சொன்னது இது. ஓய்வுபெற்ற ஆசிரியர் மரியராஜ் இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தார். மகன் ஜெரால்ட் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகள் ஜெஸி மேலூரில் ஒரு பள்ளியில் டீச்சர். காலையில் சீக்கிரம் கிளம்பினால் மாலையில்தான் வருவாள். பெரியவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, தோட்டத்துக்கும் தண்ணீர் ஊற்றுவது சுடலையின் வேலை. தினமும் பத்து மணிக்குப் போவான்.

"அன்னிக்குக் காலையில அந்தம்மா போன் போட்டுச்சு. மாமா ராத்திரி பூரா தூங்கல, மத்தியானம் வரைக்கும் எழுப்பாதேன்னுச்சு. இவரு போனாரு. பெரியவரு இழுத்துப் போத்திப் படுத்திருந்தாரு. சரின்னு செடிக்குத் தண்ணி எறைச்சாரு. மத்தியானம் கஞ்சியோட போயித் தொட்டா, கை கட்டையா வெறைச்சுக் கெடந்துச்சாம். ஓடி வந்துட்டாரு."

"ஏன் ஓடுனாரு?" என்று கேட்டான் கார்த்திகேஷ்.

முத்துத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முந்துன நாளுதான் பெரியவரு கட்டில்ல கெடந்தபடியே இவரக் கம்பால அடிச்சாரு. சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. எங்கள மாதிரி ஆளு பொணத்துக்குப் பக்கத்துல நின்னா என்ன கேப்பாகன்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

அவன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

"இவரு உள்ளங்கையில தோலு உரிஞ்சிருந்துச்சு. பெரியவரு மல்லுக்கட்டுனதுல ஆனதுன்னு எழுதிட்டாக. கெணத்துக் கயிறு அறுத்ததுய்யான்னு இவரு கத்துனாரு. யாரு கேக்கா?"

ராதாமணி நிமிர்ந்தாள். "கை அடிக்கடி அப்பிடி உரியுமா?"

"இல்ல மேடம். அன்னிக்குத்தான்."

ராதாமணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இன்ஸ்பெக்டர் மெர்வின், ராதாமணியின் குரலை வயர்லெஸ்ஸில் கேட்டு வளர்ந்தவர். ஸ்டேஷனில் டீ வரவழைத்தார். ஆனால் வழக்கில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"மூச்சை அடக்கிக் கொன்னுருக்கான் ராதாக்கா. அன்னிக்குக் காலையில பத்தரைக்கு மகன் பேசிருக்கான், ஆறு நிமிசம். போன் கம்பெனியில இருந்து விவரம் வந்திருச்சு. அப்ப ஆளு உசுரோட இருக்காரு. பத்து மணிக்குச் சுடலை உள்ள போறது எதுத்த வீட்டு சோலார் கேமராவுல இருக்கு. மத்தியானம் ஓடுறதும் இருக்கு. அதுக்கப்புறம் அந்தம்மா நாலு மணிக்கு வந்து பாத்துத் தெருவுல நின்னு கத்துற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகல. எங்களுக்குத் தகவல் வந்து நாங்க போறப்ப ஆறு மணி."

கார்த்திகேஷ் அழைப்பு விவரத்தை எட்டிப் பார்த்தான். அவன் காது சிவந்தது. "அக்கா! இது இந்திய நம்பர். சிங்கப்பூர்ல இருந்து வந்தா அந்த ஊரு நம்பர்லதான வரும்? ஜெரால்ட் இங்கதான் இருந்திருக்கான்!"

மெர்வின் சிரித்தார். "நானும் முதல்ல அங்கதான் போய் முட்டிக்கிட்டேன் மாப்ள. பாஸ்போர்ட்டப் பாத்தாச்சு, அவன் வேலை பாக்குற எடத்துல கேட்டாச்சு. அன்னிக்கு அவன் சிங்கப்பூர்லதான்."

"வைஃபை காலிங்" என்றாள் ராதாமணி. "நம்ம ஊர் சிம்மை எடுத்துட்டுப் போறான். அங்க ரோமிங் கிடையாது, டவர் கிடையாது. ஆனா ரூம்ல வைஃபை இருக்கு. அது வழியா பழைய நம்பர்லயே கூப்பிடலாம். வாங்குறவங்களுக்குப் பக்கத்துத் தெருவுல இருந்து கூப்பிட்ட மாதிரிதான் இருக்கும். வைஃபைய விட்டு வெளிய வந்தா அந்த நம்பர் செத்துப்போகும்."

கார்த்திகேஷ் டீயைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

மரியராஜின் வீடு மலைக்கு முதுகைக் கொடுத்து நின்றது. பாறையின் நிழல் பாதிக் கூரைவரை விழுந்திருந்தது. கேட்டைத் தாண்டியதும் கார்த்திகேஷின் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வீட்டுக்குள் ஒன்றுகூட இல்லை.

"இங்க எந்தக் கம்பெனியும் எடுக்காதுங்க, மலை மறைச்சிரும்" என்றாள் ஜெஸி. முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அவங்கதான் போறதுக்கு முன்னாடி மாமா போனுலயும் என் போனுலயும் வைஃபை காலிங் போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க. அதுக்கு முன்னாடி மாமா ஒரு போன் பேசணும்னா கட்டிலோட தெருவுக்குத் தூக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கூடத்தில் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரோரம் இரண்டு பெரிய பெட்டிகள், கயிறு கட்டி, சிங்கப்பூர் முகவரி ஒட்டித் தயாராக நின்றன. ராதாமணி ஒன்றின்மேல் விரலை வைத்து இழுத்தாள். தூசியில் ஒரு கோடு விழுந்தது.

"கிளம்புறீங்களா?"

"விசா வந்திருச்சு. இந்த மாசத்துக்குள்ள போகணும். போகலன்னா மறுபடி மொதல்ல இருந்து." ஜெஸி பெட்டியைப் பார்க்காமல் பேசினாள். "மாமாவ பாதர் நடத்துற முதியோர் இல்லத்துல விடலாம்னு கேட்டோம். என் பொணந்தான் இந்த வீட்ட விட்டுப் போகும்னுட்டாரு."

பின்பக்கத் தோட்டத்தில் மல்லிகையும் கொய்யாவும் வாடிக்கிடந்தன. கிணற்றுமேல் மோட்டார் இருந்தது. அதிலிருந்து பச்சை ஹோஸ் குழாய் தோட்டம்வரை நீண்டு கிடந்தது. கார்த்திகேஷ் சுவிட்சைத் தட்டினான். மோட்டார் உறுமித் தண்ணீரைக் கொட்டியது. கிணற்று மேட்டில் சுருண்டு கிடந்த வாளிக் கயிற்றை ராதாமணி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் வழியில் அவனை நூலகத்துக்கு அனுப்பி, மரியராஜ் இறந்ததற்கு முந்தைய நாளின் செய்தித்தாளைக் கொண்டுவரச் சொன்னாள். அவன் கொலை, கொள்ளைச் செய்திகளாகப் பார்த்துக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். அவள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்து மூலையை மட்டும் கேட்டாள். அதை அவன் படம் பிடிக்கவில்லை. திரும்பவும் போய்வந்தான்.

"எந்தச் செய்தி அக்கா?"

"செய்தி இல்ல. அறிவிப்பு" என்றாள். பிறகு மெர்வினை அழைத்தாள். "அந்தப் பெரியவரோட போன எடுத்துக்கிட்டு நாளைக்கு அந்த வீட்டுக்கு வா. மகனையும் கூப்பிடச் சொல்லு. அவன் நம்பர்ல இருந்தே."

மறுநாள் மாலை கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். ஜெஸி கட்டிலருகே ஸ்டூலில். மெர்வின் நாற்காலியில். முத்துத்தாயை உள்ளே வரச் சொன்னதற்கு அவள் வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். கார்த்திகேஷை ராதாமணி நடையில், மெயின் சுவிட்சுக்குக் கீழே நிறுத்தியிருந்தாள். தான் தலையசைத்தால் கீழே இழுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மரியராஜின் பழைய போன் கட்டில்மேல் கிடந்தது. அடித்தது. ராதாமணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க" என்றது ஜெரால்டின் குரல். அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக இருந்தது. "எத்தனை தடவதான் சொல்றது? எங்கப்பா செத்துருக்காரு. மூணு நாள் லீவுல வந்து அடக்கம் பண்ணிட்டு ஓடி வந்துருக்கேன்."

"கடைசித் தடவை தம்பி. அன்னிக்கு அப்பா என்ன பேசுனாங்க?"

"எப்பயும் பேசுறதுதான். இடுப்பு வலி. வெயில் தாங்கல. ஃபேன் ஓடியும் வேர்க்குதுன்னு..."

ராதாமணி தலையசைத்தாள். கார்த்திகேஷ் மெயினை இழுத்தான்.

குரல் நின்றது. மூலையில் இருந்த வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்திருந்தன. வெற்றுக் கட்டிலுக்கு மேலே மின்விசிறி மட்டும் விடாமல் சுற்றியது.

"ஃபேனுக்கும் லைட்டுக்கும் இன்வெர்ட்டர் இருக்கு" என்றாள் ராதாமணி. "மோட்டாருக்கு இல்ல. வைஃபைக்கும் இல்ல. மெர்வின், உன் போன்ல இருந்து பெரியவர் நம்பருக்குப் போடு."

"என் போனுலயே சிக்னல் இல்லையேக்கா."

"இந்த வீட்டுக்குள்ள யாருக்கும் இருக்காது. இப்ப இதப் படி." செய்தித்தாளின் படத்தை நீட்டினாள். மெர்வின் வாய்விட்டுப் படித்தார். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகப் பசுமலை பகுதியில் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும். அவர் முகம் மெல்ல மாறியது.

"மின்வாரியத்துலயும் கேட்டுட்டேன். சொன்ன நேரத்துக்கு நிறுத்திருக்காங்க, அஞ்சு மணிக்குத்தான் விட்டுருக்காங்க. நீ ஆறு மணிக்கு வந்தப்ப எல்லாம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதான் உனக்குத் தோணல. மோட்டார் இருக்குற வீட்டுல ஒரு மனுசன் எதுக்குக் கயித்தப் புடிச்சு எறைக்கணும்? கரண்ட் இல்ல. அப்ப வைஃபையும் இல்ல. ஆனா பத்தரைக்குப் பெரியவரோட போன யாரோ எடுத்து ஆறு நிமிசம் பேசிருக்காங்க. கட்டில விட்டு நகர முடியாதவரு தெருவுக்குப் போய்ப் பேசிருக்க முடியாது. போன்தான் வெளிய போயிருக்கு."

"சுடலை எடுத்துட்டு..." என்று மெர்வின் தொடங்கினார்.

"சுடலை எடுத்திருந்தா, அப்பாகிட்டப் பேசுனேன்னு மகன் ஏன் சொல்லணும்?"

மெர்வின் அறிவிப்பை மறுபடி பார்த்தார்.

"காலையில போன் இந்த வீட்ட விட்டுப் போச்சு. சாயங்காலம் திரும்பி வந்துச்சு. நடுவுல போயிட்டு வந்தது ஒரே ஆளு." ராதாமணியின் குரல் உயரவில்லை. "பத்தரை மணிக்கு அந்த போன் எந்த டவருல இருந்துச்சுன்னு கம்பெனியக் கேளு மெர்வின். மேலூருன்னு வரும். மத்தியானம் கை வெறைச்சிருந்துச்சுன்னு சுடலை சொன்னது பொய்யில்ல. பெரியவரு விடியக்காலையிலயே செத்துட்டாரு. நீங்க நாலு மணிக்கு உள்ள வந்து வைஃபை அணைஞ்சு கெடந்ததப் பாத்தப்பவே கணக்கு தப்பிருச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு ஜெஸி. போன் பண்ண முடியாமத்தான் தெருவுக்கு ஓடிக் கத்துனீங்க. கரண்ட் இல்லாதத மட்டும் யாருகிட்டயும் சொல்லல."

ஜெஸி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். "யூகம்" என்றாள். டீச்சரின் குரல் அது. "இதெல்லாம் உங்க யூகம்."

"இருக்கட்டும். கார்த்தி, மெயினைப் போடு."

வைஃபை பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒரு நிமிடம் போயிருக்கும். கட்டில்மேல் போன் அடித்தது. திரையில் ஜெரால்ட் பெயர்.

மெர்வின் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வாய் திறக்கவில்லை.

"ஜெஸி?" என்றது அந்தக் குரல், தணிந்து. "அன்னிக்கு மாதிரி நீதான எடுத்த? போயிட்டாங்களா? நம்பிட்டாங்களா?"

ஜெஸி கண்ணை மூடிக்கொண்டாள். மெர்வின் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அங்கிருந்து இரண்டு முறை அவள் பெயர் வந்தது. பிறகு மூச்சு மட்டும். பிறகு அதுவும் இல்லை.

"ரெண்டு வருசம்" என்றாள் ஜெஸி, யாரையும் பார்க்காமல். "மலம், மூத்திரம், வசவு. அவங்க தினமும் ஆறு நிமிசம் பேசுவாங்க, வச்சிருவாங்க. தலகாணிய வச்சு அமுக்குறப்பக்கூட என்ன நெனச்சேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. அப்புறம் அவங்களுக்குப் போட்டேன். போனக் கையில வச்சுக்கோ, பத்தரைக்குக் கூப்பிடுறேன்னாங்க. தூக்கத்துல செத்ததா எடுத்துக்குவாங்கன்னு நெனச்சோம். ஒருவேளை சந்தேகம் வந்தா எம் மேல வரக்கூடாதுன்னுதான்..."

"வந்தா யாரு மேல வரும்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள் ராதாமணி.



"எங்க வீட்டு ஆளு மேலதான்" என்றாள் முத்துத்தாய் வாசலிலிருந்து. "வேற யாரு மேல?"

போன் கம்பெனியிடமிருந்து மேலூர் டவர் என்று எழுத்தில் வந்தது. ஜெரால்டைக் கொண்டுவர எத்தனை மாதம் ஆகுமோ, மெர்வினுக்கே தெரியவில்லை. சுடலை விடுதலையான அன்று மத்திய சிறை வாசலில் வெயில் கொளுத்தியது. வெளியே வந்தவன் இடது காலைச் சற்று இழுத்து நடந்தான். என்ன ஆச்சு என்று முத்துத்தாய் கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

கார்த்திகேஷ் ஆட்டோ பிடிக்கிறேன் என்றான். பஸ்ஸில் போகிறோம் என்றுவிட்டான் சுடலை. ராதாமணியைப் பார்த்துக் கும்பிட்டான். உள்ளங்கையில் புதுத் தோல் வெளிறியிருந்தது.

"அந்த வீடு?" என்று கேட்டான்.

"பூட்டிக் கெடக்கு" என்றாள் ராதாமணி.

"அப்பச் செடியெல்லாம் காஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் வரும் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.