அப்பா கடைசியாகச் செய்த தூள்

அப்பா இறந்த பிறகு வாண்டு அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. அத்தை மட்டும் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவும் அத்தையும் சேர்ந்துதான் திரவப் படிகங்களை ஆராய்ந்தார்கள். அவை திரவம் போலக் குழையும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத அவற்றின் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும். மற்றவர்கள் குச்சி போல நேரான மூலக்கூறுகளைச் செய்தார்கள். அப்பா செய்தவையோ மடக்கிய முழங்கை போல வளைந்தவை.

“நேரா இருக்கறதுங்க சொன்ன பேச்சு கேக்கும். வளைஞ்சதுங்க உன்னை மாதிரி. எப்படி நிக்கறதுன்னு அதுங்களே முடிவு பண்ணும்” என்று வாண்டுவிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் கடைசியாகச் செய்த தூளில் ஒரு சிட்டிகைதான் இருந்தது. அத்தை அதை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, உருக்கி, மெல்ல ஆறவிட்டாள். குனிந்து பார்த்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

“என்ன தெரியுது அத்தை?”

“ஒண்ணுமில்ல கண்ணு. ஒரே கறுப்பு. ஒழுங்கா அடுக்கியிருந்தா கலர் கலரா தெரியும். இது சும்மா தண்ணி மாதிரி ஆயிடுச்சு.”

அத்தை கண்ணாடியைக் கழுவ எடுத்தாள்.

“நான் ஒரு தடவை பாத்துக்கட்டுமா? அப்பா செஞ்சதாச்சே.”

அத்தை கண்ணாடியை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தாள். வாண்டு பார்த்தாள். கறுப்புதான். மேசையில் கிடந்த ஊசியால் மேல் கண்ணாடியை மெல்லத் தள்ளினாள்.

“அத்தை, தண்ணின்னா வழுக்கிட்டுப் போகணும்ல? இது பசை மாதிரி பிடிச்சு இழுக்குதே.”

அத்தை திரும்பினாள். தானும் தள்ளிப் பார்த்தாள். பிறகு நுண்ணோக்கியின் ஒளி வடிகட்டியை ஒரு மயிரிழை திருப்பினாள்.

“வாண்டு, இங்க வந்து பாரு.”

கறுப்பு இப்போது திட்டுத்திட்டாகப் பிரிந்திருந்தது. சில திட்டுகளில் வெளிச்சம், சிலவற்றில் இருட்டு. அத்தை வடிகட்டியை எதிர்ப்பக்கம் திருப்பினாள். வெளிச்சமாக இருந்தவை இருண்டன. இருண்டவை வெளிச்சமாயின.

“இது தண்ணி இல்ல. ஒரு கூட்டம் இடது பக்கமா முறுக்கி நின்னு வெளிச்சத்தை ஒரு பக்கம் திருப்புது. இன்னொண்ணு வலது பக்கமா முறுக்கி எதிர்ப்பக்கம் திருப்புது. எல்லாம் ஒரே மூலக்கூறுதான். வளைஞ்சிருக்கறதால அதுங்களா ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுச்சு.”

“அப்பாவுக்கு இது தெரியுமா?”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தெரியாதுமா. அண்ணன் இதைப் பாக்கறதுக்குள்ள…”

“அப்ப அவருக்காகவும் சேத்து நான் பாக்கறேன்.”

அத்தை எழுந்து இடம் விட்டாள். வாண்டு கண்ணை வைத்தாள். அவள் போதும் என்று சொல்லும் வரை, அத்தை வடிகட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.